படுகு கன்னடத்தின் கிளையா, தனி மொழியா? நீலகிரிப் பேச்சுகள் பற்றி ஓர் இழை

மருந்துக்கடை மீனா · திங்கள், காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை. கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன்.

போன வாரம் வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியுமாக ஒரு பாட்டி பேத்தியோடு கடைக்கு வந்தார். சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பேத்தியிடம் ஏதோ கேட்டார். எனக்குப் பாதி புரிவது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. ஆசையாகத்தான் கேட்டேன், "பாட்டி, கன்னடமா பேசுறீங்க?" என்று. அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. "கன்னடம் இல்லெம்மா. இது எங்க பாஷை, படுகு" என்றார். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கடைக்காரரிடம் சொன்னேன். "அது கன்னடத்தோட பேச்சு வழக்குதான், அவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார். இதில் எது சரி? தெரியாமல் ஒருவர் மனதைப் புண்படுத்திவிட்டேன் என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை. அப்புறம் இந்த மலையில் மொத்தம் எத்தனை மொழிதான் பேசுகிறார்கள்? ஒரே நாளில் கடையில் நாலு விதமான பேச்சு காதில் விழுகிறது.

---

ஹட்டிக்காரன் · திங்கள், காலை 11.15

மீனா அக்கா, பாட்டி உங்கள் மேல் கோபப்பட்டிருக்க மாட்டார். இதே கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருப்பார். நானும் படுகன்தான். கோயம்புத்தூரில் வேலை. இங்கே வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரம்மா, "நீங்க தமிழா கன்னடமா?" என்று கேட்டார். படுகு என்றேன். "அப்படின்னா கன்னடம்" என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

விஜயநகரம் 1565-ல் தலைக்கோட்டையில் வீழ்ந்த பிறகு மைசூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்றுதான் எங்கள் முன்னோரைப் பற்றிப் பெரும்பாலும் எழுதுகிறார்கள். பெயரே அதைத்தான் சொல்கிறது. வடக்கு என்பது அங்கே படகு. வடக்கிலிருந்து வந்தவர் படகர். இது பழைய கதை, இதை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. ஆனால் 400 வருடத்துக்கு மேல் இந்த மலையிலேயே கிடந்து, தோடர், கோத்தர், குறும்பர் என்ற மற்ற மலைமக்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்து வளர்ந்த பேச்சு இது. பெங்களூரிலிருந்து வரும் நண்பர்களுக்கு என் அம்மா பேசுவது புரிவதில்லை. நானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் தினமும் சொல்லும் பெயர்களிலேயே படுகு இருக்கிறது. தொட்டபெட்டா என்றால் பெரிய மலை. ஹட்டி என்றால் எங்கள் ஊர். தும்மனட்டி என்று தமிழில் எழுதுகிறார்களே, அதன் கடைசியில் நிற்பது அந்த ஹட்டிதான், ஹகரம் மட்டும் தேய்ந்துவிட்டது. நீலகிரியை நாங்கள் நாக்குபெட்டா என்போம். பேரகணியில் ஹெத்தை அம்மன் பண்டிகை நடக்கும்போது ஒரு நாள் போய் நின்று பாருங்கள். ஹெத்தை என்றால் பாட்டி. குலத்துக்கே பாட்டி.

---

கரிசல்காட்டான் · திங்கள், மதியம் 1.05

யார் மனதையும் நோகடிக்க எழுதவில்லை. ஆனால் ஒரு மொழி என்றால் எழுத்து வேண்டும், இலக்கணம் வேண்டும், பள்ளிக்கூடத்தில் பாடம் வேண்டும். இவை எதுவும் இல்லாததை வட்டார வழக்கு என்று சொல்வதில் என்ன தவறு? எங்கள் கோவில்பட்டிப் பக்கத் தமிழும் கோயம்புத்தூர்த் தமிழும்கூட வேறு வேறாகத்தான் இருக்கின்றன. அதற்காக இரண்டையும் இரண்டு மொழி என்கிறோமா? பிள்ளைகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் வந்தால் போதும் என்று நினைக்கும் பெற்றோரையும் குறை சொல்ல முடியாது.

---

வேர்ச்சொல் · திங்கள், இரவு 8.30

கரிசல்காட்டான் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, பலருக்கும் இருக்கிற சந்தேகம்தான். நான் மொழியியல் படித்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட மொழிகள் எழுத்தில்லாமலும், இரவல் எழுத்திலும்தான் வாழ்கின்றன. ஆங்கிலம் எழுதுவதே ரோமானியரிடம் வாங்கிய எழுத்தில். இலக்கணம் என்பதும் அச்சுப் புத்தகத்தில் இருப்பது மட்டுமல்ல. மூன்று வயதுப் படுகுக் குழந்தை வினைச்சொல்லைத் தப்பில்லாமல் திருப்பிப் பேசுகிறது என்றால் இலக்கணம் அதன் வாயிலேயே இருக்கிறது.

இப்போது படுகு. கன்னடத்துக்கு நெருங்கிய உறவு என்பதில் சந்தேகமில்லை. தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியது போலவே படுகிலும் மாறியது. நமக்குப் பால், அவர்களுக்கு ஹாலு. நமக்குப் பட்டி, அவர்களுக்கு ஹட்டி. இதை வைத்துத்தான் முற்கால ஆய்வாளர்கள் கன்னடக் கிளை என்று எழுதினார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் தனி மொழி என்றே எழுதுகிறார்கள். 1992-ல் பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்டியன் பிலோ-ரைச்சூரும் சேர்ந்து படுகுக்கென்றே ஒரு பெரிய அகராதி கொண்டுவந்தார்கள்.

எனக்குப் படுகில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எமனோ என்ற அறிஞர் 1939-ல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பே என்று ஒரு சொல். நாக்கைச் சும்மா வைத்துக்கொண்டு சொன்னால் வாய். நாக்கு நுனியைக் கொஞ்சம் மடித்துக்கொண்டு அதே ஏகாரத்தைச் சொன்னால் வளையல். இன்னும் நன்றாக மடித்துச் சொன்னால் விளைச்சல், பயிர். தமிழோடு வைத்துப் பாருங்கள்: வாய், வளை, விளை. நம்மிடம் ளகரமாகத் தனியாக நிற்கிற ஒலி அங்கே உயிரெழுத்துக்குள்ளேயே கரைந்து நாக்கின் மடிப்பாக மட்டும் மிஞ்சியது. மெய்யொலியில் நாக்கை மடிப்பது நமக்குப் பழக்கம். உயிரொலியை இரண்டு படியில் மடிக்கிற மொழி உலகத்தில் மிக அபூர்வம். இதைத் தமிழ் எழுத்தில் எழுதவே முடியாது, கன்னட எழுத்திலும் முடியாது. "எழுத்தில்லாத வழக்கு" என்கிறோமே, நம் எழுத்துக்கு எட்டாத நுட்பமும் அதில் இருக்கிறது.

---

ஹட்டிக்காரன் · திங்கள், இரவு 9.50

வேர்ச்சொல், இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். மூன்றையும் சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னார். வாயும் வளையலும் வேறு வேறாகக் கேட்டன. மூன்றாவதைச் சொல்லிவிட்டு, "நான் சொல்றது சரியில்லெ. உன் பாட்டி சொன்னாதான் சரியா இருக்கும்" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் வருகிறது. முப்பத்தெட்டு வயதில் இன்றைக்குத்தான் இது எனக்குத் தெரிகிறது. தூக்கம் வரவில்லை.

---

மருந்துக்கடை மீனா · செவ்வாய், காலை 8.20

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பே, பே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! தோடர், கோத்தர் மொழிகளும் இப்படித்தானா?

---

வேர்ச்சொல் · செவ்வாய், காலை 10.00

அவை இரண்டும் வேறு கதை. தோடமும் கோத்தமும் கன்னடத்தின் பிள்ளைகள் இல்லை. தமிழும் மலையாளமும் பிறந்த அதே தென்திராவிடக் கொடியிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து மலைமேல் தனித்து வளர்ந்தவை. பழைமை, தனித்தன்மை என்று எதைப் பார்த்தாலும் தமிழனுக்கு இவை அத்தை மகன், மாமன் மகன் உறவு.

தோடத்தில் ஒரு வழக்கம் பிடிபட்டால் கதவு திறந்த மாதிரி இருக்கும். நம் அகரம், ஆகாரம் பல சொற்களில் அங்கே ஒகரம், ஓகாரம் ஆகிறது. பத்து என்பது பொத். ஆறு என்பது ஓற். தோடர் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஓள். அது வேறொன்றுமில்லை, நம் ஆள்தான். அவர்கள் ஊரை நாம் மந்து என்கிறோம், ஆங்கிலேயர் மண்ட் என்று எழுதினார்கள். நம் பழைய மன்று என்ற சொல்லின் உறவு அது.

ஒலியில் தோடத்துக்கு நிகர் சொல்வது கடினம். நம்மிடம் ர, ற என்று எழுத்தில் இரண்டு இருந்தாலும் பேச்சில் பலருக்கு ஒன்றுதான். தோடத்தில் நாக்கு அதிரும் இடத்தை வைத்து ரகரம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இன்னொரு வடிவம். ஆக ஆறு. ஒலியியல் அறிஞர் பீட்டர் லேடிஃபோகட் இங்கே வந்து பதிவு செய்து, ஸ்பாயிச், பெரி பாஸ்கரராவ் ஆகியோரோடு சேர்ந்து 1996-ல் இந்த ரகரங்களைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்வளவையும் பேசுகிறவர்கள் இரண்டாயிரம் பேர்கூடத் தேற மாட்டார்கள்.

கோத்தத்தைப் பற்றி அந்த வீட்டுக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களே சொல்வதுதான் முறை.

---

கோவ் · செவ்வாய், மாலை 6.45

நான் கோத்தர் பெண். ரொம்ப நாளாக இந்தத் தளத்தைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களை நாங்கள் கோவ் என்று சொல்வோம். மொத்தமே ஏழு ஊர். மீனா அக்கா இருக்கும் ஊரின் பெயரே எங்கள் பெயரால் வந்ததுதான், நிறையப் பேருக்கு அது தெரியாது.

வீட்டில் எங்கள் மொழி. பக்கத்து ஹட்டிக்குப் போனால் படுகு. கடையில் தமிழ். என் தாத்தாவுக்குத் தோடம்கூடக் கொஞ்சம் புரியும். அந்தக் காலத்தில் படகருக்கும் தோடருக்கும் இரும்புச் சாமானும் மண்பாண்டமும் செய்து கொடுத்ததும் சாவு வீட்டில் வாசித்ததும் நாங்கள்தான். படகர் தானியம் கொடுப்பார்கள், குறும்பர் தேன் கொண்டுவருவார்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அந்த உறவெல்லாம் தளர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நடுவில் பொதுவாக ஓடியது படுகு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சுற்றி இருந்தவர்கள் மொழியெல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் மொழியை அவர்கள் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. ஹட்டிக்காரன் அண்ணன் தன் மொழியைக் கன்னடம் என்று சொன்னால் வருத்தப்படுகிறார், அது புரிகிறது. எங்கள் மொழியைப் பக்கத்து ஊர்க்காரர்களே "கொச்சைப் பேச்சு" என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். நான்காம் வகுப்பில் என் தங்கையிடம் எங்கள் மொழியில் பேசியதற்கு டீச்சர் வெளியே நிற்க வைத்தார். இப்போது என் மகனிடம் வீட்டில் எங்கள் மொழி மட்டும்தான் பேசுகிறேன். பதில் தமிழில்தான் வருகிறது. நான் விடுவதாக இல்லை.

---

ஹட்டிக்காரன் · செவ்வாய், இரவு 7.30

தங்கச்சி, நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

---

வேர்ச்சொல் · செவ்வாய், இரவு 8.10

கோவ் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேலே சொன்ன எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்தபோது இந்த மலையில்தான் பெரும்பகுதி உழைத்தார். அவருக்குக் கோத்தக் கதைகளை உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னவர் சுல்லி என்ற கோத்தர். அந்தக் கதைகள் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக அச்சாயின. 1961-ல் பரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் அடுத்ததாகவே கோத்தமும் தோடமும் வரிசையில் நிற்கும். பல இடங்களில் ஒரு தமிழ்ச் சொல்லின் வயதை நிறுவுவதே அந்தக் கோத்தச் சொல்தான். நமக்குத்தான் அவர்கள் கடன் கொடுத்திருக்கிறார்கள்.

---

கூடலூர்ச் சாலை · புதன், காலை 7.10

நீலகிரி என்றால் எல்லோரும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியோடு நிறுத்திவிடுகிறீர்கள். நடுவட்டம் தாண்டிக் கீழே இறங்கினால் இன்னொரு உலகம் இருக்கிறது. நான் பந்தலூர்க்காரன். எங்கள் பகுதி முன்பு மலபார் மாவட்டத்து வயநாட்டின் துண்டு. 1877-ல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். அதனால் இங்கே மலையாளம் வந்தேறி மொழி இல்லை, மண்ணின் மொழி. வயநாடன் செட்டிகளுக்கும் மவுண்டாடன் செட்டிகளுக்கும் அவரவர் வீட்டுப் பேச்சு தனி.

குறும்பர் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அது ஒரே மக்கள் இல்லை. முள்ளுக் குறும்பர் பேச்சு மலையாளத்துக்குப் பக்கம். பெட்டக் குறும்பர் பேச்சு முள்ளுக் குறும்பருக்கே புரியாது. ஆலுக் குறும்பர் உங்கள் கோத்தகிரிச் சரிவில், வெள்ளரிக்கொம்பை மாதிரி ஊர்களில் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சு இன்னொன்று. காட்டுநாயக்கர் மொழி மறுபடி வேறு. கீழ்ச் சரிவில் இருளர். செக் நாட்டு மொழியறிஞர் கமில் சுவலபில் இருள மொழியைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

பணியர் பற்றி நான் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் வயலில் வேலை செய்த பணியர் அக்கா ஒருவர் நாற்று நடும்போது தன் மொழியில் பாடுவார். அதே அக்கா எங்கள் அப்பா வரப்பில் வந்து நின்றதும் பாட்டை நிறுத்திவிட்டு மலையாளத்துக்கு மாறிவிடுவார். சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமையாக வைத்திருந்த முதலாளி வீட்டு ஆள் முன்னால் தன் மொழி வெளியே வராது. எழுத்து, இலக்கணம் என்று பேசுகிறோம். வாயைத் திறக்கப் பயமில்லாமல் இருந்தால்தானே மொழி நிற்கும்?

---

லயத்துப் பிள்ளை · புதன், மதியம் 12.25

கூடலூர்ச் சாலை அண்ணே, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் தாயகம் திரும்பியோர். ஊரில் சிலோன்காரங்க என்பார்கள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதினார்களே, அதில் எங்கள் ஆத்தாவும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்.

நாங்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் ஆத்தா லயம் என்பார், இங்குள்ளவர்கள் அதே வீட்டைப் பாடி என்பார்கள். காலையில் ஆள் எடுப்பதை ஆத்தா பெரட்டு என்பார், தேயிலைத் தொழிற்சாலையை இஸ்டோர் என்பார். இவையெல்லாம் ஆங்கிலேயர் வாயிலிருந்து விழுந்து இலங்கை மலையகத்தில் தமிழான சொற்கள். வந்த புதிதில் வரிசையில் பக்கத்தில் கொழுந்து எடுத்தவர் பணியர், அந்தப் பக்கம் மலையாளி. ஆத்தாவுக்கு மூன்றே வருடத்தில் மலையாளம் வந்துவிட்டது. அரைகுறையாகப் பணியர் பேச்சும் வந்தது. பள்ளிக்கூடம் போகாதவர். இன்று நான் பட்டம் வாங்கி வைத்திருக்கிறேன், எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது.

---

நெறியாளர் · புதன், மதியம் 2.00

படகரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை பற்றி வந்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மொழியை மட்டும் பேசுவோம்.

---

கரிசல்காட்டான் · புதன், மாலை 5.35

சரி, எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவை எல்லாம் எப்படி வருகின்றன? அரசாங்கமே தனி மொழி என்று எழுதுகிறதா?

---

வேர்ச்சொல் · புதன், இரவு 9.15

அங்கேதான் பெரிய குறை. 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியின் பெயரை 1971-க்குப் பிறகு கணக்கெடுப்பு அட்டவணையில் தனியாக அச்சிடுவதில்லை. "மற்றவை" என்ற ஒரே வரியில் போய்விடும். தோடமும் கோத்தமும் அந்த வரிக்குள்தான் இருக்கின்றன. 2011 கணக்கில் படுகு பேசுவோர் சுமார் 1.3 லட்சம். அந்த எண் கன்னடத்தின் கீழே வருகிறது. பணியம் மலையாளத்தின் கீழே. இருளம் தமிழின் கீழே, ஏறக்குறைய 12,000 பேர். தமிழ்நாட்டில் இருளர் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சமவெளி இருளர்கள் தமிழே பேசுகிறார்கள். மலைச்சரிவில்தான் மொழி மிஞ்சியிருக்கிறது.

மீனா அக்காவின் கேள்விக்கு என் பதில் இதுதான். மொழிக் குடும்பமாகப் பார்த்தால் படுகு கன்னடத்தின் மிக நெருங்கிய உறவு. தனி மொழியா என்றால், ஆம். கடைக்காரர் சொன்னதைவிடப் பாட்டி சொன்னதுதான் சரி.

---

கரிசல்காட்டான் · வியாழன், காலை 6.20

நேற்று இரவு முழுவதும் இந்த இழையைத் திரும்பப் படித்தேன். நான் ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது.

எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. கோவில்பட்டிப் பக்கத்துத் தெலுங்கு. எங்கள் அவ்வா அதைத் தவிர வேறு பேச மாட்டார். அப்பா எங்களிடம் தமிழ் மட்டும்தான் பேசினார். எனக்குக் கேட்டால் புரியும், வாயில் வராது. ஒரு தடவை வேலை விஷயமாக ஹைதராபாத் போயிருந்தபோது தெரிந்த நாலு வாக்கியம் பேசினேன். கூட இருந்தவர்கள், "இது என்ன தெலுங்கு?" என்று சிரித்தார்கள். அன்றோடு நிறுத்தினேன். அவ்வா பேசியது தப்புத் தெலுங்கு என்றே இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவ்வா இல்லை. அவருடைய தங்கை எட்டயபுரம் பக்கத்தில் இருக்கிறார், 84 வயது. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். போனில் பதிவு செய்தால் போதுமா? என்ன கேட்க வேண்டும்?

---

வேர்ச்சொல் · வியாழன், காலை 7.00

போன் போதும் அண்ணே. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இரைச்சல் விழும். ஆரம்பத்திலேயே ஊர், தேதி, அவர் வயதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். "இதுக்குத் தெலுங்குல என்ன?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும். கல்யாணம் எப்படி நடந்தது, பஞ்சத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக ஓடும். பருத்தி எடுப்பு, கம்பு இடிப்பு, மாட்டு நோய், உறவுமுறைப் பெயர்கள், இவற்றில்தான் பழைய சொற்கள் ஒளிந்திருக்கும்.

---

கோவ் · வியாழன், காலை 7.40

தாலாட்டும் கேளுங்கள் அண்ணா. பேச மறந்தவர்களுக்கும் பாட்டு மறப்பதில்லை.

---

மருந்துக்கடை மீனா · வியாழன், இரவு 8.55

இன்று மறுபடி அந்தப் பாட்டி வந்தார். ஹட்டிக்காரன் தம்பி தனிச்செய்தியில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "ஒள்ளங்கெ இத்தியா?" என்று கேட்டேன். நலமா என்று அர்த்தமாம். பாட்டி ஒரு கணம் என்னையே பார்த்தார். அப்புறம் மளமளவென்று படுகில் பேச ஆரம்பித்துவிட்டார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேத்திதான் சொன்னாள், முழங்கால் வலியைப் பற்றிச் சொல்கிறார் என்று.

பிறகு கையை நீட்டி என் கண்ணாடி வளையலைத் தொட்டுக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். சொன்னார். நாக்கு மடிந்தது எனக்குக் கேட்டது. நான் திருப்பிச் சொன்னேன். தலையை ஆட்டினார், சரியில்லையாம். மூன்று தடவை சொல்லவைத்தார். கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த வாரம் மாத்திரை தீரும், வருவார்.